டீசல் இன்ஜினில் தாவர எண்ணெய்: எத்தனை மணி நேரம் ஓடும்?

டீசல் இன்ஜினில் சமையல் எண்ணெய் ஊற்றினால் ஓடுமா என்று கேட்பவர்கள் நிறைய. ஓடும். நன்றாகவே ஓடும். பழைய வகை இன்ஜினாக இருந்து, குளிரும் இல்லாமல் இருந்தால், டாங்கில் இருப்பது டீசல் இல்லை என்பது ஓட்டுபவருக்குத் தெரியாமலேகூடப் போகலாம். சத்தம் கொஞ்சம் மென்மையாகும். புகையில் பொரித்த வாசனை வரும். அவ்வளவுதான் முதல் வாரத்தில் தெரியும் வித்தியாசம்.

இன்ஜின்களைப் பிரித்துச் சரிசெய்வது என் வேலை என்பதால், எனக்கு அந்த முதல் வாரம் முக்கியமாகத் தெரிவதில்லை. நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம், ஐந்நூறு மணி நேரம் ஓடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். தாவர எண்ணெய் செய்யும் கெடுதல் எதுவும் உடனே வெளியே தெரியாது. மெதுவாகச் சேரும். சேர்ந்து முடியும்வரை இன்ஜின் புகார் சொல்லாமல் ஓடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே அண்ணே ஓடிச்சு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பொய் சொல்வதில்லை. நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

ஆனாலும் நான் தாவர எண்ணெய்க்கு எதிரி இல்லை. மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்ததை எரித்துக்கொண்டே இருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறவன். அதனாலேயே இந்த எரிபொருளைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்ற அக்கறை எனக்கு அதிகம். அரைகுறையாகச் செய்து ஒரு இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். பக்கத்தில் இருப்பவர்களையும் திரும்ப விட மாட்டார்.

முதலில் ஒரு வரலாற்றுத் தவறைச் சரிசெய்துவிடலாம். ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினைக் கடலை எண்ணெய்க்காகவே வடிவமைத்தார், பிறகு பெட்ரோலிய நிறுவனங்கள் அதை மாற்றிவிட்டன என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. நடந்தது வேறு. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய இன்ஜின் முதன்முதலாக வெற்றிகரமாக ஓடியபோது அதற்குப் பெட்ரோலிய எரிபொருள்தான் ஊற்றப்பட்டது. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. அதைக் கேட்டுக்கொண்டது பிரெஞ்சு அரசாங்கம். ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை நிறைய விளைந்தது. நிலக்கரியோ எண்ணெயோ இறக்குமதி செய்யாமல் அங்கேயே விளைவதை வைத்து இயந்திரம் ஓட்ட முடியுமா என்று அவர்கள் பார்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து டீசலே இதை எழுதியிருக்கிறார். பெட்ரோலிய எரிபொருளுக்காகச் செய்த இன்ஜின், எந்த மாற்றமும் இல்லாமல் கடலை எண்ணெயில் ஓடியது, வந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை என்கிறார். 1912 வாக்கில் அவரே இந்த யோசனையில் ஆர்வமாகி, தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தெரிந்தாலும் ஒருநாள் பெட்ரோலியத்துக்கு நிகரான இடத்துக்கு வரக்கூடும் என்று சொன்னார். அடுத்த ஆண்டே, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பலில் இருந்து காணாமல் போய் இறந்தார்.

அன்றைக்கு அந்த இன்ஜின் கடலை எண்ணெயில் அலுங்காமல் ஓடியதற்குக் காரணம் உண்டு. அது மெதுவாகச் சுழலும், கனமான இயந்திரம். எரிபொருளை அழுத்தக் காற்றோடு சேர்த்து உள்ளே ஊதினார்கள். அதனால் கெட்டியான எண்ணெயும் ஓரளவு சிதறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த நூறு ஆண்டுகளில் பெட்ரோலிய டீசல் மலிவாகவும் ஒரே சீராகவும் கிடைத்தது. இன்ஜினும் பம்பும், எரிபொருளைப் பீய்ச்சும் நாசிலும் அந்த ஒரு எரிபொருளின் குணத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கப்பட்டன. இன்று நம் கையில் இருப்பது 1900-ன் இன்ஜின் இல்லை. ருடால்ஃப் டீசலின் பெயரைச் சொல்லி இன்றைய இன்ஜினில் எண்ணெயை ஊற்றுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பிரச்சினையின் வேர் பாகுத்தன்மை. அதாவது திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பது. 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு) வரை. அதே வெப்பத்தில் சோயா, சூரியகாந்தி, ரேப் விதை (கடுகு இனப் பயிர்) போன்ற எண்ணெய்கள் 30 முதல் 40 வரை நிற்கும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆமணக்கு எண்ணெய் இவற்றையெல்லாம் விடப் பல மடங்கு கெட்டி. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கெட்டி? எண்ணெயின் மூலக்கூறு பெரியது. கிளிசரின் என்ற ஒரு முதுகெலும்பு, அதில் ஒட்டிக்கொண்டு மூன்று நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள். மூலக்கூறு எடை 880-க்குப் பக்கத்தில் வரும். டீசல் மூலக்கூறுகள் சராசரியாக அதில் நாலில் ஒரு பங்குதான். பெரிய, கிளை விரித்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று தாண்டி நழுவ நேரம் எடுத்துக்கொள்கின்றன.

இது நாசிலில் என்ன செய்கிறது என்று பாருங்கள். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. பீய்ச்சியது மூடுபனி மாதிரி நுண்துளிகளாகச் சிதறினால்தான், மில்லி நொடிகளுக்குள் ஆவியாகி, காற்றோடு கலந்து, முழுக்க எரியும். பத்து மடங்கு கெட்டியான எண்ணெய் அப்படிச் சிதறாது. துளிகள் பெரிதாக இருக்கும், தாரை நீளமாகப் போகும். எரிவதற்கு முன்பே சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் தலையிலும் போய் மோதும். தாவர எண்ணெயின் சீட்டேன் எண்ணும் பெரும்பாலும் 40-ஐ ஒட்டித்தான். அதாவது தானாகப் பற்றிக்கொள்ள டீசலைவிடச் சற்றுத் தாமதிக்கும்.

இப்படி எரியாமல் தங்கியதுதான் கெடுதலின் தொடக்கம். இன்ஜினைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நாசில் முனை. துளைகளைச் சுற்றி எக்காளம் போல விரிந்த கார்பன் படிவு நிற்கும். அந்தப் படிவு தாரையை இன்னும் கெடுக்கும். கெட்ட தாரை இன்னும் கார்பனைச் சேர்க்கும். அடுத்தது பிஸ்டன் ரிங். அதன் பள்ளத்தில் கருப்பு அரக்கு மாதிரி ஒன்று இறுகி, ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிங் ஜாம் ஆனால் கம்ப்ரஷன் போகும், எரியாத எண்ணெய் கீழே, இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும். கீழேதான் மோசமான கட்டம். சம்ப்பில் இருக்கும் இன்ஜின் ஆயிலோடு கலந்த தாவர எண்ணெய், சூட்டிலும் காற்றிலும் தன்னோடு தானே பிணைந்துகொள்ள ஆரம்பிக்கும். பாலிமர் ஆகிறது என்று சொல்வார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு இன்ஜின் ஆயில் ஜெல்லியாகிவிடும். ஆயில் பம்ப் அதை உறிஞ்ச முடியாது. பேரிங் காய்ந்து பிடித்துவிடும். வடிகால் நட்டைக் கழற்றியும் ஒரு சொட்டுகூட இறங்காத சம்ப்பைப் பார்த்திருக்கிறேன். கரண்டி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் இப்படி ஆவதில்லை. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் அதிகமாக இருந்தால் காற்றோடு சேர்ந்து இறுகுவதும் அதிகம். இதை அளக்க அயோடின் மதிப்பு என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். ஆளி விதை எண்ணெய்க்கு அது 180 வாக்கில் இருக்கும். ஓவியர்களும் மரவேலை செய்பவர்களும் அதைத் தேடிப்போய் வாங்குவது அதனால்தான். பூசினால் காய்ந்து கெட்டியான படலமாகும். ஓவியத்துக்கு எது நல்லதோ அது இன்ஜினுக்கு ஆகாது. சோயா 130-ஐ ஒட்டி, ரேப் 110-ஐ ஒட்டி. பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் மிகக் குறைவு. ஆனால் அவை லேசான குளிரிலேயே உறைந்துவிடும். இறுகாத எண்ணெய் உறையும், உறையாத எண்ணெய் இறுகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நல்லதாக ஒரு எண்ணெய் அமைவதில்லை.

இதெல்லாம் என் பட்டறையில் மட்டும் நடப்பதில்லை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பல நாடுகளில் தாவர எண்ணெயை டிராக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். 1982-ல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்தில் இதற்கென்றே ஒரு பெரிய மாநாடு நடந்தது. எல்லாரும் கொண்டுவந்த முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்: சில மணி நேரச் சோதனையில் சக்தியும் எரிபொருள் செலவும் டீசலுக்கு நிகராக இருக்கும், நீண்ட நேரச் சோதனையில் நாசில் அடைப்பு, ரிங் ஒட்டுதல், ஆயில் கெட்டியாதல். அமெரிக்க இன்ஜின் உற்பத்தியாளர் சங்கம் மாற்று எரிபொருள்களுக்காக 200 மணி நேரச் சோதனை ஒன்றை வகுத்ததும் அந்தக் காலத்தில்தான். அதில் தேறாத எரிபொருளைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது ஏற்பாடு.

சரி, எண்ணெயைச் சூடாக்கினால்? இந்தக் கேள்வி நியாயமானது, பதிலும் பாதிக்கு நல்ல பதில். 70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுத்தன்மை மளமளவென்று இறங்கும். 10-க்குச் சற்று மேல் வந்து நிற்கும். இன்னும் டீசலை எட்டவில்லை, ஆனால் பழைய இன்ஜின் சமாளிக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. இரட்டை டாங்க் முறை இதை வைத்துத்தான். ஒரு சிறிய டாங்கில் டீசல், பெரிய டாங்கில் எண்ணெய். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகி, ரேடியேட்டருக்குப் போகும் வெந்நீரே எண்ணெய் டாங்கையும் பில்டரையும் சூடாக்கிய பிறகு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அணைப்பதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி டீசலுக்கு மாற்றி, குழாயிலும் பம்பிலும் இருக்கும் எண்ணெயைக் கழுவித் தள்ளிவிட்டு அணைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். மறந்தால் அடுத்த நாள் காலையில் பம்புக்குள் குளிர்ந்த, கெட்டியான எண்ணெய் நிற்கும்.

இந்த முறை யாருக்குப் பொருந்தும் என்றால், பழைய இன்டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் வைத்திருப்பவருக்கு. அதில் எரிபொருள் நேராக பிஸ்டன் மேல் விழாது. பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய சூடான அறைக்குள் விழுந்து அங்கே எரியத் தொடங்கும். அந்த அறை பெரிய துளிகளையும் பொறுத்துக்கொள்ளும். இன்ஜின் ஆயிலாலேயே உயவாகும் இன்-லைன் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. எரிபொருளாலேயே உயவாகும் ரோட்டரி பம்ப் குளிர்ந்த எண்ணெயில் உடையக்கூடும். அப்புறம், நீண்ட நேரம் நல்ல லோடில் ஓட வேண்டும். லோடு இல்லாமல் சும்மா ஐட்லிங்கில் நிற்கும் இன்ஜினில் சிலிண்டர் சூடு போதாமல் கார்பன் வேகமாகச் சேரும். கிளிசரின் பகுதி பாதி வெந்து, கண்ணை எரிக்கும் அக்ரோலின் என்ற நச்சுப் புகையும் வரும்.

லுட்விக் எல்ஸ்பெட் என்ற ஜெர்மன் பொறியாளர் இந்தப் பிரச்சினையை மறுமுனையிலிருந்து பிடித்தார். எண்ணெயை மாற்ற வேண்டாம், தாவர எண்ணெய்க்கென்றே இன்ஜினை வடிவமைப்போம் என்று கிளம்பி, 1970-களின் பிற்பகுதியில் அதைச் செய்தும் காட்டினார். எரியும் இடத்தைப் பிஸ்டன் நடுவிலேயே சூடாக வைத்து, சுவரை எண்ணெய் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வடிவம் அது. அருமையான வேலை, எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது பெரிய அளவில் உற்பத்திக்கு வரவில்லை. ஜெர்மனியில் 2001 முதல் 2005 வரை நூற்றுக்கும் மேற்பட்ட டிராக்டர்களை ரேப் எண்ணெய்க்கு மாற்றி வயலில் ஓட்டிப் பார்த்தார்கள். கணிசமானவை பெரிய சிக்கல் இல்லாமல் ஓடின, சிலவற்றில் செலவு மிகுந்த பழுதுகள் வந்தன. எரிபொருள் எண்ணெயின் தரத்துக்கென்று தனி விதிமுறை வேண்டும் என்பது அந்த அனுபவத்தில் தெளிவானது. பாஸ்பரஸ், கால்சியம், மெக்னீசியம், நீர், அழுக்கு எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு வைத்து டின் (DIN) 51605 என்ற ஜெர்மன் தர விதிமுறை வந்தது அப்படித்தான். செக்கில் ஆட்டி வடிகட்டிய எண்ணெய் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும் அதில் பிசின் போன்ற பாஸ்போலிப்பிட்கள் இருக்கும். எரியும்போது அவை சாம்பலாகும்.

இன்றைய காமன் ரெயில் இன்ஜினில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகும் இன்ஜினில், நேரடி எண்ணெய் வேண்டவே வேண்டாம். 2,000 பார் அழுத்தம், மயிரிழைத் துளைகள், எல்லாம் டீசலின் குணத்தை நம்பிக் கணினி போடும் கணக்கு. வெளியே புகைக் குழாயில், கரித் துகளைப் பிடிக்கும் டீசல் துகள் பில்டர். அதைச் சாம்பல் அடைத்தால் திரும்ப எரித்துச் சுத்தப்படுத்த முடியாது. இதில் என் கருத்து என்று ஒன்றும் இல்லை, சமரசத்துக்கும் இடமில்லை.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இன்ஜினை எண்ணெய்க்கு ஏற்ப மாற்றுவதை விட, எண்ணெயை இன்ஜினுக்கு ஏற்ப மாற்றலாம். 1937-ல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர் பாமாயிலை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்து எரிபொருளாக மாற்றும் முறைக்கு பெல்ஜியக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவானுக்கும் இடையே ஒரு பேருந்து அந்த எரிபொருளில் ஓடியது. எண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்து உருவாகும் அந்தப் பொருளுக்கு எஸ்டர் என்று பெயர். இன்று பயோடீசல் என்று சொல்வது அதே வேதியியல்தான். இடையில் போரும் மலிவு பெட்ரோலியமும் வந்து அதை மறக்கடித்துவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் சூரியகாந்தி எண்ணெயோடு போராடிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், எஸ்டராக மாற்றினால் நாசில் அடைப்பு தீர்கிறது என்று கண்ட பிறகுதான் உலகம் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது.

வினை எளிமையானது. மூன்று சங்கிலிகளைப் பிடித்துவைத்திருக்கும் கிளிசரினைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு மெத்தனாலைக் கொடுத்தால் போதும். ஒரு பெரிய மூலக்கூறு மூன்று சிறிய மூலக்கூறுகளாகிவிடும். ஒவ்வொன்றின் எடையும் 300-க்குள். பாகுத்தன்மை 30-லிருந்து 4, 5-க்கு இறங்கிவிடும். ஐரோப்பிய விதிமுறையான ஈ.என். 14214 கேட்பது 3.5 முதல் 5 வரை. சீட்டேன் எண்ணும் 50-ஐ ஒட்டி ஏறிவிடும். நூறு லிட்டர் எண்ணெய்க்குக் கணக்குப்படி 13 லிட்டர் மெத்தனால் போதும். ஆனால் வினை முன்னோக்கியே போக வேண்டும் என்பதற்காக 20 லிட்டர் வரை போடுவார்கள். ஊக்கியாகக் காஸ்டிக் சோடா அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மெத்தனால் 65 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் என்பதால் 55, 60 டிகிரியில் வைத்துக் கலக்குவது வழக்கம். கலக்குவதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் கனமான, பழுப்பான கிளிசரின் அடியில் இறங்க ஆரம்பிக்கும். மேலே தெளிந்த பொன்னிறத்தில் எஸ்டர் நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

ஆனால் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று தண்ணீர். மற்றொன்று, பலமுறை சூடான எண்ணெயில் கழன்று மிதக்கும் தனிக் கொழுப்பு அமிலம். இரண்டும் காரத்தோடு சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. சோப்பு வந்துவிட்டால் எஸ்டரும் கிளிசரினும் பிரியாது, கலயம் முழுக்கக் குழம்பாகும். அதனால் பழைய எண்ணெயை முதலில் சூடாக்கி நீரை ஓட்ட வேண்டும். பிறகு ஒரு சிறு மாதிரியை எடுத்துத் துளித்துளியாகக் காரம் விட்டு அமில அளவைப் பார்த்து, அதற்கேற்ப ஊக்கியைக் கூட்ட வேண்டும். அமிலம் மிக அதிகமாக இருந்தால் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு அதையே எஸ்டராக்கிவிட்டு, அடுத்ததாகக் கார வினைக்கு வர வேண்டும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வொரு கணக்கு. அளக்காமல் ஊற்றுவதற்கு இதில் வழியில்லை.

வினை முழுதாக முடிந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். அறை வெப்பத்தில் எஸ்டர் மெத்தனாலில் முழுக்கக் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. அடியில் துளி தங்கினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். தொழிற்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் கையில் இருப்பதை டாங்கில் ஊற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும்.

மெத்தனாலைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அது விஷம். குடித்தால் மட்டும் இல்லை, ஆவியாக மூச்சில் போனாலும் தோல் வழியாக இறங்கினாலும் விஷம். பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். 12 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. மூடிய அறையில், திறந்த அடுப்பில், கையுறை இல்லாமல் இந்த வேலையைச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். இதைச் செய்துகொள்ள ஏற்பாடு இல்லாதவர், தயாராகக் கிடைக்கும் தரமான பயோடீசலை வாங்குவதே மேல். முடிந்த எஸ்டரில் மிச்ச மெத்தனால் 0.2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதிமுறை சொல்வதும் இதற்காகத்தான். சுத்தமான பயோடீசல் 100 டிகிரிக்கு மேல்தான் பற்றும், டீசல் 55-ஐத் தாண்டினாலே பற்றும். மெத்தனால் கொஞ்சம் தங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்தும் வைக்காதீர்கள். இறுகும் எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறந்து, துணி தானாகப் பற்றிக்கொள்ளும்.

பயோடீசலுக்கும் தனக்கென்று சில குணங்கள் இருக்கின்றன. அது நல்ல கரைப்பான். பழைய டாங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்து பில்டரை அடைக்கும். மாற்றிய புதிதில் பில்டர் அடைத்தால் பயப்பட வேண்டாம், இரண்டொரு தடவை மாற்றினால் அடங்கிவிடும். இயற்கை ரப்பர், நைட்ரைல் ரப்பர் குழாய்களும் சீல்களும் ஊறி இளகும். வைட்டான் என்ற செயற்கை ரப்பர் வகை தாங்கும். செம்பும் பித்தளையும் பயோடீசல் கெடுவதைத் துரிதப்படுத்தும். டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் டாங்கின் அடியில் நீர் தங்கி, பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர இடம் கொடுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் சேமித்து வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கென்று எப்போதாவது ஓடும் ஜெனரேட்டரின் டாங்கில் இதை நிரப்பி வைப்பது தவறான இடம். நாள்தோறும் ஓடி நாள்தோறும் நிரப்பும் இன்ஜின்தான் இதற்குச் சரியான இடம்.

குளிர் இன்னொன்று. ரேப் எஸ்டர் சுழியத்துக்குக் கீழே போனால்தான் கலங்கும். பாமாயில் எஸ்டர் 15 டிகிரியை ஒட்டியே மெழுகு கட்டும்.

புகை நிச்சயம் குறைகிறது. மூலக்கூறிலேயே எடையில் 11 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதால் கரி குறைவாகவே உருவாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் தொகுத்த கணக்குப்படி, முழுப் பயோடீசலில் துகள்கள் 47 சதவீதமும் கார்பன் மோனாக்சைடு 48 சதவீதமும் எரியாத ஹைட்ரோகார்பன் 67 சதவீதமும் குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் மட்டும் 10 சதவீதம் கூடுகின்றன. இவை அன்றைய கனரக இன்ஜின்களின் எண்கள். இன்றைய இன்ஜினில் புகைக் குழாயிலேயே வடிகட்டி இருப்பதால் இந்த லாபம் சுருங்கிவிடும். பில்டர் இல்லாத பழைய இன்ஜின் பக்கத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவரின் நுரையீரலுக்கு இது பெரிய விஷயம். ஆற்றல் பக்கம் பார்த்தால் லிட்டருக்கு 8, 9 சதவீதம் குறைவு. அந்த அளவுக்கு எரிபொருள் கூடுதலாகப் பிடிக்கும்.

புதிய இன்ஜின்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்ஜின் ஆயில். துகள் பில்டரைச் சுத்தம் செய்ய, சில இன்ஜின்கள் எரிதல் முடிந்த பிறகு கொஞ்சம் எரிபொருளை சிலிண்டருக்குள் தாமதமாகப் பீய்ச்சும். டீசலில் சுவரில் படுவது பெரும்பாலும் ஆவியாகிவிடும். பயோடீசலின் கொதிநிலை 330 டிகிரிக்கு மேல் என்பதால் அது ஆவியாகாமல் சம்ப்புக்கு இறங்கித் தங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறினால், உடனே மாற்றுங்கள். உற்பத்தியாளர் சொல்லும் கலப்பு விகிதத்தை மீறாமல் இருப்பது இதனால்தான் முக்கியம். 1, 2 சதவீதம் கலந்தாலே கந்தகம் நீக்கிய டீசல் இழந்த வழுக்குத்தன்மை திரும்பிவிடும்; பம்புக்கு அது நல்லது.

எண்ணெயை ஹைட்ரஜனோடு அழுத்தி, 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆக்சிஜனை முழுக்க நீக்கிவிடும் வழியும் இருக்கிறது. கிடைப்பது எஸ்டர் இல்லை, டீசலைப் போன்ற நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன். கிளிசரின் முதுகெலும்பு புரோப்பேன் வாயுவாக வெளியேறிவிடும். நெஸ்தே நிறுவனம் 2007-ல் ஃபின்லாந்தின் போர்வோவில் இதற்கான முதல் ஆலையைத் தொடங்கியது. சீட்டேன் எண் 70-க்கு மேல், கெட்டுப்போகாது, தண்ணீரை இழுக்காது, கடுங்குளிருக்கும் ஏற்றபடி செய்யலாம். இன்ஜின் பார்வையில் இதற்கு நிகரில்லை. ஆனால் சுத்திகரிப்பு ஆலை வேண்டும், ஹைட்ரஜன் வேண்டும். சிறிய கைகளில் நடக்கிற வேலை இல்லை.

இன்ஜின் பக்கம் தீர்ந்தது. நிலத்தின் பக்கம் தீரவில்லை. ஒரு ஹெக்டேரில் ஓராண்டில் கிடைக்கும் எண்ணெய், சோயாவில் அரை டன்னுக்கும் குறைவு, ரேப் விதையில் ஒரு டன்னுக்குச் சற்று மேல், எண்ணெய்ப் பனையில் மூன்றரை, நான்கு டன். ஆண்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு லாரி, நூறு கிலோமீட்டருக்கு 30 லிட்டர் வீதம் 30,000 லிட்டர் குடிக்கும். ரேப் எண்ணெயில் அதை ஓட்ட 20 ஹெக்டேருக்கு மேல் வேண்டும். சோயாவில் 60 ஹெக்டேர். ஒரே ஒரு லாரிக்கு. எண்ணெய்ப் பனை கணக்கில் ஜெயிக்கிறது, ஆனால் அந்தத் தோட்டங்கள் எழுந்த இடங்களில் பல முன்பு மழைக்காடும் கரிச் சதுப்பும். அவற்றை அழிக்கும்போது வெளியேறும் கார்பனை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம் 2030-க்குள் பாமாயில் எரிபொருளைத் தன் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கணக்கிலிருந்து நீக்க முடிவெடுத்திருக்கிறது. இந்தோனேசியாவோ 2025-ல் டீசலில் 40 சதவீதம் பாமாயில் பயோடீசல் என்ற கட்டாயத்துக்குப் போயிருக்கிறது. காட்டாமணக்கு தரிசில் தானாக வளர்ந்து எண்ணெய் கொட்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பு பல நாடுகளில் நம்பி நட்டார்கள். செடி தரிசில் பிழைத்தது, காய் மட்டும் எதிர்பார்த்தபடி வரவில்லை. நீரும் உரமும் கொடுத்தால் காய்க்கும். நீரும் உரமும் உள்ள நிலத்தில் உணவையே விளைவிக்கலாம்.

அதனால் என் முதல் ஓட்டு பொரித்து முடித்த எண்ணெய்க்கு. அதற்குப் புதிதாக நிலம் வேண்டாம். சாக்கடையில் ஊற்றினால் குழாயை அடைக்கும், திரும்பச் சமையலுக்குப் போனால் உடம்பைக் கெடுக்கும். வினைக் கலயத்துக்கு வந்தால் அப்படியே எரிபொருள். அளவு குறைவுதான். எல்லா லாரிகளையும் ஓட்ட ஒருக்காலும் போதாது. விலை ஏறியதும் புதிய பாமாயிலையே பழைய எண்ணெய் என்று சொல்லி விற்கிறார்களோ என்ற சந்தேகம் ஐரோப்பாவில் திரும்பத் திரும்ப எழுவதால், எங்கிருந்து வந்தது என்ற கணக்கையும் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குறைவாகக் கிடைப்பதை எங்கே செலவழிப்பது என்பதில் எனக்கு ஒரு தெளிவு உண்டு. கார்களுக்கும் நகரப் பேருந்துகளுக்கும் பேட்டரி வந்துவிட்டது. வயலில் நாள் முழுக்க உழும் டிராக்டருக்கும், ஏரியிலும் ஆற்றிலும் போகும் படகுக்கும், மின்கம்பி எட்டாத இடத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்கும் இன்னும் கொஞ்ச காலம் திரவ எரிபொருள் வேண்டும். அவை லோடில் ஓடுபவை, பெரும்பாலும் பழைய எளிய இன்ஜின்கள், நாள்தோறும் டாங்க் காலியாகிறவை. படகிலிருந்து தண்ணீரில் சிந்தினால் எஸ்டர் டீசலைவிட வேகமாக மக்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு இன்ஜினை வைத்திருப்பவர் என்னிடம் வந்தால், தரம் சோதித்த பயோடீசலை 20 சதவீதத்தில் தொடங்கச் சொல்வேன். குழாய்களை வைட்டானுக்கு மாற்றி, ஒரு உபரி பில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஜின் ஆயிலை வழக்கமான இடைவெளியில் பாதிக்கே மாற்றச் சொல்வேன். இருநூறு மணி நேரம் கழித்து நாசிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன். முனை சுத்தமாக இருந்தால் விகிதத்தைக் கூட்டுவதைப் பற்றி அப்போது பேசலாம்.